நிற்காமல் வழங்கிய தலைவர்

"டமார்!"

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த அன்று எங்கோ ஒரு காடு எரிந்திருக்க வேண்டும். சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்று ஏதோ ஒரு பாறை மலையிலிருந்து உருண்டிருக்க வேண்டும். மும்பைத் தமிழர்கள் 'லூப் அனிமேஷன்' என்னும் மகத்தான யுகத்துக்குள் காலடி எடுத்து வைத்த அன்று, தாராவி 90 ஃபீட் ரோட்டில், வானமாமலை அண்ணாச்சி ஒரு வடாபாவ் வண்டியின் மேல் விழுந்தார்.

அண்ணாச்சி என்றால் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் பலகை. இரண்டு மாடி உயரம். வெள்ளை வேட்டி, கூப்பிய கை, தலைக்குப் பின்னால் சூரியன். மூங்கில் கட்டு அவிழ்ந்து மொத்தமும் சரிந்ததில் வயிற்றுப் பகுதி கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியாக வடாபாவ்காரர் தலையை வெளியே நீட்டி, மராத்தியில் சில கருத்துகளைத் தெரிவித்தார். அவர் உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. அவருடைய கருத்துகள்தான் அச்சில் ஏற்றும் நிலையில் இல்லை.

எதிரே தமது எவர்சில்வர் பாத்திரக் கடை வாசலில் நின்று அண்ணாச்சி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் வயிற்றிலிருந்தே ஒருவர் தலை நீட்டித் தம்மை வைவதைப் பார்ப்பது எந்தத் தலைவருக்கும் வருத்தம் தரக்கூடியதுதான். போதாக்குறைக்கு மாநகராட்சிக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"அண்ணா, ஆஜ் ஸே போர்டு பந்த். ஒண்ணும் நை லகானே கா," என்று, இனிமேல் பலகையே வைக்கக் கூடாது என்பதை இரண்டு மொழியிலும் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நேரம் மிக மோசமான நேரம். 'அகில மும்பை தென்பொருநை மக்கள் முன்னேற்ற நலச் சங்கம்' தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. இதுவரை ஐந்து முறை அண்ணாச்சி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஜனநாயகத்தின் மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை உண்டு. அதனால்தான் அதை ஒருமுறை கூடத் தொந்தரவு செய்யாமல் பத்திரமாக வைத்திருந்தார். இந்த முறை மான்குர்த் கிளைச் செயலாளர் அய்யாத்துரை, யாரையும் கேட்காமல், 'நானும் நிக்கேன்' என்று சொல்லிவிட்டார். ஆண்டு விழா முடிந்த கையோடு, அதே மேடையில், கை தூக்கி ஓட்டு. ஆறாவது முறையும் அந்த நாற்காலி கிடைக்குமா என்ற கவலையில் அண்ணாச்சிக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு மட்டும் வழக்கம்போல் இறங்கியது.

தீர்வு மாட்டுங்காவிலிருந்து வந்தது. சங்கத்தின் பொருளாளர் ஜம்பு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து வந்து இறங்கினார்.

"ஓய் வானமாமலை, ஃப்ளெக்ஸுங்கறது செத்த சமாசாரம். என் மச்சினன் பொண்ணு ரிசப்ஷன்ல எல்இடி திரை வெச்சிருந்தா. அதுல பொண்ணும் மாப்பிள்ளையும் பொம்மையா நின்னு கை ஆட்டிண்டே இருந்தா. கீழே விழாது. மழையில நனையாது."

"எம்புட்டு நேரம் ஆட்டும்?"

"கரண்ட் இருக்கற வரைக்கும்."

அண்ணாச்சியின் கண்கள் கலங்கின. நிஜத்தில் ஐந்து நிமிடம் கை ஆட்டினாலே அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். மனிதத் தலைவர்களின் இந்தப் பெருங்குறையை அறிவியல் தீர்த்துவைத்துவிட்டதே!

இருவரும் அன்றைக்கே பரீஹாவைத் தேடிப் போனார்கள்.

தோல் பை தைக்கும் சலாவுதீனின் மகள் பரீஹா. அப்பாவின் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால், அவளுடைய 'ஸ்டூடியோ'. ஒரு கம்ப்யூட்டர், ஒரு வரைபலகை, அதில் வரைய ஒரு பேனா, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் தகரக் கூரை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு டிபன் கடைத் திரையில் ஒரு தோசை மாதக்கணக்கில் கல்லில் புரண்டுகொண்டே இருக்கிறதே, அது அவள் வரைந்ததுதான். நெய் மினுமினுப்பு, ஓர முறுகல், எழும் ஆவி, எல்லாம் அப்படியே இருக்கும். பார்ப்பவர்கள் நாக்கில் நீர் ஊறும். அந்தத் தோசை மட்டும் இன்றுவரை யார் இலைக்கும் வந்து சேர்ந்ததில்லை.

"உக்காருங்க அங்கிள், தலை பாத்து," என்றாள் பரீஹா.

'அங்கிள்' என்ற சொல் அண்ணாச்சிக்குப் பிடிக்காது. ஆனால் கலைஞர்களிடம் பொறுமை காட்ட வேண்டும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

"எனக்கு ஒரு லூப்பு வேணும்மா. நான் நிக்கணும். சனம் பாக்கணும். முடியவே கூடாது."

"ஹோ ஜாயேகா, பண்ணிடலாம். ஆனா நீங்க என்ன பண்ணணும் அதுல? சும்மா நின்னா மூச்சு விடறதத்தான் காட்டலாம். நெஞ்சு மேல போகும், கீழ வரும்."

"அதுவும் ஒரு சாதனைதான், இந்த ஊர்ப் புகையில," என்றார் ஜம்பு.

அண்ணாச்சி யோசித்தார். செய்த சேவைகள் ஒன்றா இரண்டா! கடைசியில் செல்போனிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். போன வருட ஆண்டு விழா. மான்குர்த்தைச் சேர்ந்த மகேஸ்வரி என்ற பெண்ணுக்கு, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு தையல் மிஷினை அண்ணாச்சி வழங்குகிறார். மிஷினை அவர் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார், மகேஸ்வரி மறுபக்கம் பிடித்திருக்கிறாள். இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள்.

"சூப்பர்! இதுக்கு அடுத்த போட்டோ இருக்கா அங்கிள்? அவங்க மிஷின வாங்கிட்டு நிக்கற மாதிரி?"

அண்ணாச்சி ஜம்புவைப் பார்த்தார். ஜம்பு தகரக் கூரையைப் பார்த்தார்.

"அதுக்கு அப்புறம் எடுக்கலைம்மா. போட்டோக்காரனுக்கு வேற எடத்துல ஃபங்ஷன் இருந்தது," என்றார் ஜம்பு.

"பர்வா நை, பரவால்ல. அத நானே கற்பனையில போட்டுக்கறேன்."

கலையின் சிறப்பே அதுதான். இல்லாததைக் கற்பனையில் போட்டுக்கொள்ளும்.

அடுத்த வாரம் முதல் படம் தயாராயிற்று. அண்ணாச்சி ஏணி ஏறியபோது பரீஹா இன்னும் வேலையாக இருந்தாள். திரையில் கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. அவருடைய உடம்பு ஒரு பக்கம் நின்றது. தலை ஒரு பக்கம் தனியாகக் கிடந்தது.

"ஏம்மா! உசுரோட இருக்க மனுசன் தலையத் தனியா எடுத்து வெச்சிருக்கியே!"

"லேயர் அங்கிள். தலை ஒரு லேயர், கை ஒரு லேயர், மீசை ஒரு லேயர். தனித்தனியா இருந்தாத்தான் அசைக்க முடியும்." திரை ஓரத்தில் 'மீசை' என்ற பெயருக்குப் பக்கத்திலிருந்த கண் படத்தைத் தட்டினாள். மீசை மறைந்தது. மறுபடி தட்டினாள். வந்தது. "பாத்தீங்களா? ஈஸி."

அண்ணாச்சி தம்முடைய நிஜ மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த வயித்து லேயரக் கொஞ்சம் சின்னதாக்கு. முடி லேயருக்கு இன்னும் கொஞ்சம் கறுப்புப் பூசு. மத்தபடி நான் எப்படி இருக்கனோ அப்படியே இருக்கட்டும். பொய் கூடாது."

பரீஹா படத்தை ஓட விட்டாள். வானமாமலை என்னும் பொம்மை, மகேஸ்வரி என்னும் பொம்மைக்கு, மிஷினை மெல்ல நீட்டியது. மகேஸ்வரி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அண்ணாச்சி கை தட்டப் போனார். அதற்குள் ஒரு விபரீதம். படக்கென்று மிஷின் மகேஸ்வரி கையிலிருந்து காணாமல் போய், அண்ணாச்சியின் கையில் இருந்தது.

"என்னம்மா இது! குடுத்த சூடு ஆறல, எங்கிட்டயே வந்துட்டு!"

"அதுதான் அங்கிள் ஜட்கா, குலுக்கல். லூப்னா சுத்திச் சுத்தி ஓடும். கடைசிப் படமும் முதல் படமும் ஒண்ணா இருந்தாத்தான் ஸ்மூத்தா போகும். முதல் படத்துல மிஷின் உங்க கையில. கடைசிப் படத்துல அவங்க கையில. திரும்ப ஆரம்பிக்கும்போது குதிக்குது."

"புடுங்குத மாதிரில்லா இருக்கு! ஓட்டு நேரத்துல இப்படிப் படக்குனு புடுங்கினா சனம் என்ன நெனைக்கும்?"

"ஒரு தடவ குடுத்தா அதோட படத்த நிறுத்திடலாம் அங்கிள்."

"ஒரு தடவதானா?" என்றார் ஜம்பு. "ஒரு தடவ குடுக்கறதுக்கு எதுக்கும்மா அனிமேஷன்?"

இது வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று சாதாரண மனிதர்கள் விட்டுவிடுவார்கள். அண்ணாச்சிக்கு இது கொள்கைப் பிரச்சினை. செயற்குழுவின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

கிராஸ் ரோட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருக்கிறது சங்க அலுவலகம். பொருள்: 'ஜட்கா ஒழிப்பு'. தலைவர், பொருளாளர், மகளிர் அணித் தலைவி கனகவள்ளி, 'உறுப்பினர்கள்' என்ற பெயரில் கண்மூடித் தியானம் செய்யும் இருவர் ஆகியோர் ஆஜர். பரீஹா 'தொழில்நுட்ப விருந்தினர்'. விருந்தினர் என்பதால் அவளுக்கு மட்டும் நாற்காலி கிடையாது, ஸ்டூல்.

"நாலஞ்சு வழி இருக்கு," என்று ஆரம்பித்தாள் பரீஹா. "முதல் வழி, அவங்க மிஷின வாங்கினதும் படம் மெதுவா இருட்டாகும். திரும்ப வெளிச்சம் வரும்போது நீங்க புதுசா மிஷினோட நிப்பீங்க. குதிச்சதே தெரியாது."

"என்னைய இருட்டுல தள்ளவா?" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சிக்கு இருட்டு ஒத்துக்காது. சுகர் இருக்கு," என்றாள் கனகவள்ளி.

"சரி, ரெண்டாவது வழி. இவங்க மிஷினோட வலது பக்கம் நடந்து போயிடுவாங்க. இடது பக்கத்துல இருந்து வேற ஒரு லேடி வருவாங்க. நீங்க பின்னாடி இருந்து இன்னொரு மிஷின எடுத்துக் குடுப்பீங்க."

"இன்னொரு மிஷினா!" ஜம்பு பாதி எழுந்துவிட்டார். "விழா முழுக்க ஓடினா எத்தனை மிஷின் ஆறது! ஆடிட்டர் திரையப் பார்த்துட்டு ஒவ்வொண்ணுக்கும் பில் கேட்டா நான் எங்க போவேன்?"

"அது ட்ராயிங் அங்கிள்."

"ட்ராயிங்கா இருந்தா என்ன? நாலு பேர் பாக்கறாளோன்னோ?"

கனகவள்ளிக்கு வேறு கவலை. "அந்த ரெண்டாவது பொம்பள எந்த ஊர்க்காரி?"

"ஆன்ட்டி, அது பொம்மை. அதுக்கு ஊர் கிடையாது."

"ஊர் இல்லாதவளுக்குச் சங்கத்துல எப்படி மிஷின் குடுப்பிய? நாளைக்கு நாங்குநேரிக்காரங்க வந்து கேப்பாவ, அம்பாசமுத்திரத்துக்காரங்க வந்து கேப்பாவ. நம்ம ஊர் மூஞ்சி மாதிரியே இல்லையேன்னு. பதில் சொல்லுதது நான்லா?"

ஊர் என்ற சொல் காதில் விழுந்ததும் தியானத்தில் இருந்த உறுப்பினர்கள் இருவரும் கண் விழித்தார்கள். ஒருவர் பொம்மை சேரன்மகாதேவியாக இருக்க வேண்டும் என்றார். மற்றவர், அப்படியானால் தாம் ராஜினாமா செய்வதாகச் சொன்னார். டீ வந்ததும் ராஜினாமா வாபஸ் ஆனது.

"மூணாவது வழி," என்றாள் பரீஹா, குரல் இறங்கிப்போய். "நீங்க மிஷின நீட்டுவீங்க. அவங்க வாங்க மாட்டாங்க. நீங்க நீட்டிட்டே இருப்பீங்க."

அண்ணாச்சிக்கு இது கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் ஜம்பு உதட்டைப் பிதுக்கினார். "நீட்டிண்டே இருந்தா, குடுக்க மனசில்லாம பிடிச்சிண்டு நிக்கற மாதிரி இருக்கும்."

பரீஹா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். பொறுமைக்கும் ஒரு கடைசிப் படம் உண்டு.

"அப்ப ஒரே வழிதான். பிங்-பாங் லூப். படம் முன்னாடி ஓடும். கடைசிக்குப் போனதும் அப்படியே பின்னாடி ஓடி முதலுக்கு வரும். புதுசா எதுவும் வரைய வேணாம். ஜட்காவே இருக்காது, மக்கன் மாதிரி, வெண்ணெய்ல வழுக்கிட்டுப் போகும். லேகின்..."

"ஆனா என்ன?"

"திரும்பி வரும்போது, நீங்க மிஷின அவங்ககிட்ட இருந்து வாங்கிக்கற மாதிரி தெரியும் அங்கிள். குடுப்பீங்க, வாங்குவீங்க. குடுப்பீங்க, வாங்குவீங்க."

கீழே பல் பிடுங்கும் சத்தம் கேட்டது. கனகவள்ளி தன் வளையல்களை எண்ணிப் பார்த்தாள். ஜம்பு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்து, மறுபடியும் துடைத்தார்.

அண்ணாச்சிதான் முதலில் தெளிந்தார். தலைவர் என்றால் சும்மாவா?

"இங்க பாரும்மா. குடுக்கதத்தான் சனம் பாக்கும். வாங்குததப் பாக்க எவன் கேமராவத் தூக்கிட்டு வாரான்?"

"கரெக்ட்," என்றார் ஜம்பு. "ரெண்டாவது பாதிக்கு யாரும் உக்காந்திருக்க மாட்டா. காபிக்குப் போயிடுவா."

"அங்கிள், லூப்ல ரெண்டாவது பாதின்னு தனியா..."

"நீ ஓட விடும்மா."

ஓடியது. மிஷின் போனது, வந்தது, போனது, வந்தது. எங்கும் ஒரு குலுக்கல் இல்லை. கோயில் ஊஞ்சல் ஆடுவது போல அத்தனை நளினம். செயற்குழு நெடுநேரம் கூர்ந்து கவனித்தது. முடிக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வேட்டிக் கரை பச்சையா நீலமா என்று ஒரு சந்தேகம் எழுந்து தீர்ந்தது. மற்றபடி, கொடுத்த மிஷினைத் தலைவர் திரும்ப வாங்கிக்கொள்வதில் அந்த ஐவரில் ஒருவருக்கும் விசித்திரமாக எதுவும் தோன்றவில்லை. அவ்வளவு இயல்பாக அமைந்திருந்தது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'தலைவரின் கொடைத்தன்மையைக் குலுங்காமல் எடுத்துக்காட்டும் மேற்படி படத்தை ஆண்டு விழா மேடையில் இடைவிடாது ஓட்டுவது என்றும், எக்காரணம் கொண்டும் நிறுத்துவதில்லை என்றும் இக்குழு தீர்மானிக்கிறது.'

விழா செம்பூரில் ஓர் ஏசி ஹாலில் நடந்தது. கல்யாணிலிருந்து ரயிலில் வந்த குடும்பங்கள், மான்குர்த்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், தாராவியிலிருந்து நடந்தே வந்தது போல் வியர்த்திருந்தவர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. இரண்டாவது வரிசையில், கனகவள்ளி சொல்லியனுப்பியதன் பேரில், மகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். 'பயனாளி' என்று எழுதிய பூ பேட்ஜ் குத்தியிருந்தது. மடியில் ஒரு ஜாக்கெட் குவியல். அவள் ஊசியால் ஒவ்வொன்றுக்கும் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் கிடைத்த பிறகும் கைத்தையலை மறக்காத அந்த எளிமையை என்னவென்று சொல்வது!

விளக்குகள் மங்கின. மேடையின் பின்சுவர் முழுக்க எல்இடி திரை உயிர் பெற்றது. ஆளைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில், கரிய முடியும் ஒட்டிய வயிறுமாக, அண்ணாச்சி தோன்றினார். முகமெல்லாம் மலர்ந்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு மாறாமல் மிஷினைக் கொடுத்தார். ஹால் கை தட்டியது. அந்தச் சிரிப்பு மாறாமல் மிஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கை தட்டல் கொஞ்சம் தடுமாறியது.

அண்ணாச்சி மைக் முன்னால் நின்றார். திரை அவருக்குப் பின்னால்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கை இருக்கே," என்று கையைத் தூக்கிக் காட்டினார், "இது குடுத்தே பழகின கை."

பின்னால் அந்தக் கை மகேஸ்வரி மார்பிலிருந்து மிஷினைப் பவ்யமாக எடுத்துக்கொண்டது.

கல்யாண் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஏட்டி, தந்துட்டு வாங்குதாரு பாரு."

"ரிப்பேரா இருக்கும். சரி பண்ணிக் குடுப்பாரு."

"ஆமா, குடுத்துட்டாரு."

"சரியாயிட்டு போல."

"திரும்ப வாங்குதாரே!"

"அப்ப சரியாவல."

முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் இதற்குள் தாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மிஷின் போகும்போது ஒரு கூட்டம், கொடுத்தாச்சு என்ற பொருளில், "தே தியா!" என்றது. வரும்போது இன்னொரு கூட்டம், வாங்கியாச்சு என்ற பொருளில், "லே லியா!" என்றது. தே தியா! லே லியா! ஹால் முழுக்க எதிரொலித்தது. தம் சேவையைக் குழந்தைகளே இந்தியில் கோஷமாகப் போடுகிறார்கள் என்று எண்ணி, அண்ணாச்சி சிறிது நேரம் உருகி நின்றார். பெரியவர்களும் சேர்ந்துகொண்டபோதுதான் ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தார். திரை வாங்கிக்கொண்டிருந்தது.

ஜம்பு குனிந்து ஓடி வந்தார். "ஓய், நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நிறுத்தினா எந்த எடத்துல நிக்கும்? மிஷின் யாரு கையில இருக்கும்?"

ஜம்பு யோசித்தார். "அது நிறுத்தினாத்தான் தெரியும்."

"அப்ப ஓடட்டும்," என்றார் அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து அய்யாத்துரை எழுந்தார். மெலிந்த மனிதர், குரலும் மெலிசு. ஓட்டுக் கேட்டு இதுவரை ஒரு கூட்டம் போட்டதில்லை, ஒரு பலகை வைத்ததில்லை. அவர் எழுந்ததும் ஹால் தானாக அடங்கியது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு சின்ன சந்தேகம். படம் நல்லாத்தான் இருக்கு. கடைசில மிஷின் யாருகிட்ட இருக்கு?"

ஹால் வெடித்துச் சிரித்தது. அடுத்த நிகழ்ச்சி ஓட்டெடுப்பு. அண்ணாச்சியின் கண்ணுக்கு முன்னால் ஐந்து முறை உட்கார்ந்து தேய்ந்த அந்த நாற்காலி மெல்ல நகர்ந்து மான்குர்த் பக்கம் போவது தெரிந்தது. சோதனை நேரத்தில் ஒரு தலைவர் செய்ய வேண்டியது என்ன? பொறுப்பை ஏற்பது. யாராவது ஒருவர் ஏற்க வேண்டும். அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். ஹாலின் ஓரத்தில், கம்ப்யூட்டர் பக்கத்தில், பரீஹா நின்றுகொண்டிருந்தாள்.

"அது அந்தப் புள்ள பண்ணின தப்பு!" மைக்கில் முழங்கினார். "கம்ப்யூட்டர் தெரியும்னு சொன்னா, நம்பிக் குடுத்தோம். நான் குடுத்ததத்தான் வரையச் சொன்னேன். இவ தலைகீழா என்னத்தையோ இழுத்து வெச்சு, சங்கத்தோட மானத்த வாங்கிட்டா!"

எல்லாத் தலைகளும் பரீஹா பக்கம் திரும்பின. அவள் முகம் சிவந்துவிட்டது.

"அங்கிள், நான் மீட்டிங்லயே சொன்னேன்ல? திரும்பி வரும்போது வாங்கற மாதிரி தெரியும்னு. நீங்கதான்..."

"பேசாத! வேலை தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்கணும். எதுத்துப் பேசக் கூடாது. யம்மா, இங்க கடை வெச்சிருக்க எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தப் புள்ளகிட்ட இனிமே யாரும் வேலை குடுத்து ஏமாறாதிய!"

பின் வரிசையில் அவள் அப்பா சலாவுதீன் எழுந்து நின்றார். விழா முடிந்ததும் தங்கள் கடைக்கு ஒரு தோசைப் படம் கேட்கலாம் என்று வந்திருந்த இரண்டு பேர் பரீஹாவிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கண்ணீரை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தாள். தீர்மானப்படி, படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலில் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை தெரியாத சின்னப் பெண் என்ற பேச்சு அங்கங்கே முணுமுணுப்பாகக் கிளம்பியது. நாற்காலி திரும்பி வரும் சத்தம் அண்ணாச்சிக்கு நன்றாகக் கேட்டது. இந்த வெற்றியோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்துவதில்லை என்றுதானே தீர்மானம்.

"நான் சொன்னா நம்ப மாட்டிய. மிஷின் வாங்கின பிள்ளையே இங்க இருக்கு. அதுவே சொல்லட்டும். மகேஸ்வரி, மேல வா தாயி!"

கனகவள்ளி பதறிப்போய் மேடையேறி அவர் காதருகே குனிந்தாள். "அண்ணாச்சி, அவ வேண்டாம். சாப்பாடு ஆறுது. நேரா ஓட்டுக்குப் போயிருவோம்."

"நீ சும்மா இரு. அது நம்ம பிள்ள."

அண்ணாச்சியின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் பெற்றுக்கொண்ட ஒருவரும் மேடையில் 'நன்றி' என்பதைத் தவிர வேறு சொல் சொன்னதில்லை.

மகேஸ்வரி தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊசியைப் புடவை முந்தானையில் குத்திக்கொண்டு, மேடையேறினாள். அவளுக்குப் பின்னால், அவளைவிட இரண்டு மடங்கு உயரத்தில், இன்னொரு மகேஸ்வரி மிஷினை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி தாமே மைக்கை அவள் வாயருகில் பிடித்தார்.

"பயப்படாமச் சொல்லு தாயி. அன்னைக்கு நடந்தது உனக்குத் தெரியும். இந்தப் புள்ள படத்துல என்ன தப்புப் பண்ணிருக்கு?"

மகேஸ்வரி ஹால் ஓரத்தில் நின்ற பரீஹாவைப் பார்த்தாள். பிறகு திரும்பி, திரையை அண்ணாந்து, மிஷின் போய் வரும் ஒரு சுற்று முழுவதையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைய ஏன் அண்ணாச்சி ஏசுதிய? அது நடந்தத நடந்தபடியேதான் போட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. மேடைக்குப் பின்னால மிஷினத் திருப்பி வாங்கும்போது, உங்க மொகத்துல இந்தச் சிரிப்பு இல்ல."